நீர் வாளி ஏந்திய நற்குரு

பத்தாம் வகுப்பு மாணவி

உடல் நோயுற்றால் மருத்துவரிடம் ஓடுகிறோம். காய்ச்சல் எத்தனை டிகிரி என்று பார்க்கிறோம். மருந்து வாங்கி மூன்று வேளையும் தவறாமல் உட்கொள்கிறோம். ஆனால் உள்ளம் களைத்துப் போனால் என்ன செய்கிறோம்? தேர்வு நெருங்கும்போது தூக்கம் வராமல் பாயில் புரள்கிறோம். தலை கனக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, சிறு சொல்லுக்கும் கண் கலங்குகிறது. இதையெல்லாம் யாரிடம் சொல்வது என்று தெரியாமல் பேசாமல் இருந்துவிடுகிறோம். நம் தாய்மாரும் அப்படித்தான். வீட்டு வேலையும் கவலையும் சேர்ந்து அழுத்தும்போது, அதை ஒரு நோயாகவே அவர்கள் எண்ணுவதில்லை.

இன்று பல நாடுகளில் மருந்தோடு துணையாக நின்று உடலையும் உள்ளத்தையும் இளைப்பாறச் செய்யும் சிகிச்சை முறைகள் கையாளப்படுகின்றன. மூச்சுப் பயிற்சி, இசை, மென்மையாக உடல் பிடித்துவிடுதல், மூலிகை நீராடல் என்று அவை பலவகைப்படும். இந்த வழியில் ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே நடந்தவர், ஜெர்மனியின் பவேரியா நாட்டில் வாழ்ந்த ஓர் ஏழைக் கத்தோலிக்கக் குரு. அவர் கையில் இருந்த கருவி தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றும் ஒரு சாதாரண வாளி. அவர் பெயர் செபஸ்தியான் க்னைப். தோழியரே, அப்பெரியாரின் வாழ்க்கையைச் சிறிது பார்ப்போம்.

நெசவாளி மகன்

பவேரியாவில் ஓட்டோபாய்ரன் என்னும் புகழ்பெற்ற மடாலயத்திற்கு அருகில் ஸ்டெபான்ஸ்ரீட் என்ற சிற்றூர் உண்டு. அங்கே 1821ஆம் ஆண்டு மே மாதம் 17ஆம் நாள் செபஸ்தியான் பிறந்தார். தந்தை சேவியர் ஒரு நெசவாளி. தாயின் பெயர் ரொசினா. வீட்டில் வறுமை குடியிருந்தது. நம் வயதுப் பிள்ளைகள் பள்ளிக்குச் செல்லும் காலத்தில், அச்சிறுவன் ஈரம் கசியும் நிலவறையில் தறியின் முன் அமர்ந்து துணி நெய்தான். கோடைக்காலத்தில் பிறர் வயலில் கூலி வேலை செய்தான்.

ஆனால் அவன் நெஞ்சில் ஓர் ஆசை வேரூன்றியிருந்தது. எப்படியாவது படித்துக் குருவாக வேண்டும் என்பதே அது. அந்நாளில் குருத்துவக் கல்விக்கு இலத்தீன் மொழி தேவை. இலத்தீன் கற்றுத் தருமாறு செபஸ்தியான் பல குருக்களைப் போய்க் கேட்டார். வயதாகிவிட்டது என்றும், பணம் இல்லை என்றும் காரணம் காட்டி அவரைத் திருப்பி அனுப்பினர்.

செபஸ்தியான் மனம் தளரவில்லை. கூலி வேலையில் மிச்சம் பிடித்துச் சிறுகச் சிறுக 70 கில்டர் சேர்த்தார். அது ஓர் ஏழைக்குப் பெருந்தொகை. அவர் இருபது வயதை எட்டிய காலத்தில் ஒருநாள் அவர்கள் வீடு தீப்பற்றி எரிந்தது. தறி, துணி, தட்டுமுட்டுச் சாமான்கள் யாவும் சாம்பலாயின. அவர் சேர்த்துவைத்த 70 கில்டரும் அந்தத் தீயிலே போயிற்று.

வேறொருவராக இருந்தால் விதியை நொந்துகொண்டு தறிக்கே திரும்பியிருப்பார். செபஸ்தியானோ வெறுங்கையுடன் வீட்டை விட்டுப் புறப்பட்டார். க்ரோனன்பாக் என்ற ஊரில் உதவிக் குருவாக இருந்த மத்தியாஸ் மெர்க்லே என்பவர் அவருக்குத் தூரத்து உறவினர். 1842ஆம் ஆண்டில் மெர்க்லே அவரை ஏற்றுக்கொண்டு இலத்தீன் கற்பிக்கத் தொடங்கினார். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் செபஸ்தியான் டில்லிங்கன் நகரத்து உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். தம்மைவிடப் பல ஆண்டுகள் இளைய மாணவர்களோடு ஒரே வகுப்பில் அமர்ந்து படித்தார்.

மரணத்தின் வாசலில்

இலட்சியம் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அப்போது அடுத்த இடி விழுந்தது. ஈர நிலவறையில் கழிந்த இளமை, போதாத உணவு, இரவும் பகலும் படிப்பு ஆகிய இவற்றால் நலிந்த அந்த உடலைக் காசநோய் பற்றிக்கொண்டது. இருமும்போது இரத்தம் வந்தது. மருத்துவர் பலமுறை வந்து பார்த்தும் பயனில்லை. இனி நம்பிக்கை இல்லை என்ற நிலை ஏற்பட்டது.

அக்காலத்தில் காசநோய்க்கு மருந்து ஏதும் கிடையாது. அந்நோயை உண்டாக்கும் கிருமியை ராபர்ட் கோக் என்ற அறிஞர் கண்டறிந்ததே 1882ஆம் ஆண்டில்தான். அதை அழிக்கும் ஸ்ட்ரெப்டோமைசின் 1943ஆம் ஆண்டில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. ஆகவே செபஸ்தியானைப் பார்த்த மருத்துவரைக் குறை சொல்ல இடமில்லை. அவர் கையில் கொடுப்பதற்கு ஒன்றும் இல்லை.

1849ஆம் ஆண்டு ஒரு நூலகத்தில் செபஸ்தியான் கண்ணில் ஒரு பழைய சிறிய புத்தகம் பட்டது. ஜோகான் சிக்மண்ட் ஹான் என்ற சைலீசியா நாட்டு மருத்துவர் 1738ஆம் ஆண்டில் எழுதியது. குளிர்ந்த நீர் மனித உடலில் என்னென்ன மாறுதல்களை உண்டாக்குகிறது என்று அது விளக்கியது. மூழ்குபவனுக்குக் கிடைத்த கட்டைபோல அவர் அந்நூலைப் பற்றிக்கொண்டார்.

அது நவம்பர் மாதம், கடுங்குளிர். வாரத்தில் இரண்டு மூன்று முறை அவர் டான்யூப் நதிக்கு ஓடுவார். ஓடி உடல் சூடேறியவுடன் உடை களைந்து, பனிபோல் குளிர்ந்த நீரில் கழுத்தளவு இறங்குவார். சில நொடிகளே இருப்பார். உடனே வெளியே வந்து உடை அணிந்து, உடல் மீண்டும் சூடேறும்வரை வேகமாக நடந்து விடுதிக்குத் திரும்புவார். நாளாக ஆகப் பசி எடுத்தது, தூக்கம் வந்தது, இருமல் குறைந்தது. இறப்பார் என்று எல்லாரும் எண்ணிய இளைஞர் எழுந்து நடந்தார்.

நீர் காசநோய்க் கிருமியைக் கொல்லாது என்பதை இன்று அறிவியல் நமக்குச் சொல்கிறது. மருந்து இல்லாத அக்காலத்திலும் காசநோயாளிகளில் சிலர் தாமாகவே தேறினர். க்னைப் அவ்வாறு தேறிய சிலரில் ஒருவராக இருந்திருக்கலாம். ஆயினும் நோயாளி என்று படுத்துக் கிடந்தவர், தம் நலத்துக்காகத் தாமே ஏதோ ஒன்றை ஒழுங்காகச் செய்யலாம் என்று எழுந்த அந்த நாள் அவர் வாழ்வின் திருப்புமுனை ஆயிற்று. அவருக்கு முன்பே சைலீசியாவில் வின்சென்ட் பிரீஸ்னிட்ஸ் என்ற விவசாயி நீர்ச் சிகிச்சையால் பெயர் பெற்றிருந்தார். எனவே க்னைப் இதனை முதன்முதல் கண்டுபிடித்தவர் அல்லர். ஏழை எளியவரும் தம் வீட்டிலேயே செய்யும்படி அதை எளிதாக்கியதே அவர் செய்த தொண்டு.

தோட்டத்து வாளி

பின்னர் அவர் மியூனிக் நகரிலிருந்த ஜார்ஜியானும் என்னும் குருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே ஒரு மாணவர் அவரைப் போலவே நெஞ்சு நோயால் வாடினார். க்னைப் அவரை இரவு நேரத்தில் தோட்டத்துக்கு அழைத்துச் சென்று, செடிகளுக்கு ஊற்றும் வாளியால் அவர்மேல் நீர் ஊற்றினார். ஆற்றில் இறங்க முடியாத பலவீனருக்கு நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உடலின் ஒரு பகுதியில் மட்டும் ஊற்றலாம் என்னும் எண்ணம் இவ்வாறு உதித்தது. முழங்காலுக்கு, தொடைக்கு, கைக்கு, முகத்துக்கு என்று பின்னாளில் அவர் வகுத்த நீரூற்று முறைகள் எல்லாவற்றுக்கும் அந்தத் தோட்டத்து வாளியே தாய்.

1852ஆம் ஆண்டு, தம் 31ஆம் வயதில், ஆக்ஸ்பர்க் நகரில் அவர் குருப்பட்டம் பெற்றார். நெசவாளி மகனின் கனவு நிறைவேறியது. உதவிக் குருவாகச் சென்ற இடங்களில் எல்லாம் நோயாளிகள் அவரைத் தேடி வந்தனர். ஏழைகளிடம் அவர் பணம் வாங்கவில்லை. மருந்து விற்பவர்களுக்கும் சில மருத்துவர்களுக்கும் இது பிடிக்கவில்லை. மருத்துவம் கற்காதவர் மருத்துவம் செய்கிறார் என்று அவர்மேல் புகார் எழுந்தது. 1853ஆம் ஆண்டில் அவர் அபராதமும் கட்ட நேர்ந்தது.

அடுத்த ஆண்டு, 1854இல், அவர் பணியாற்றிய போஸ் என்ற ஊரில் காலரா பரவியது. அஞ்சி ஒதுங்காமல் க்னைப் வீடு வீடாகச் சென்றார். வெந்நீரில் நனைத்த துணியால் நோயாளிகளின் வயிற்றுக்கு ஒத்தடம் கொடுத்தார். சூடான பானம் பருகச் செய்தார். சாகும் நிலையில் இருந்தோருக்குத் திருவருட்சாதனங்கள் வழங்கினார். அதனால் மக்கள் அவரைக் காலராக் குரு என்றே அழைத்தனர். காலராவில் உடல் இழக்கும் நீரையும் உப்பையும் உடனே ஈடு செய்வதே உயிர் காக்கும் வழி என்பதை இன்று நாம் அறிவோம். அதை அறியாத அக்காலத்தில், கைவிடப்பட்டவர்களின் பக்கத்தில் ஒருவர் வந்து அமர்ந்ததே பெரிய ஆறுதலாக இருந்திருக்கும்.

கன்னியர் மடத்துச் சலவை அறை

1855ஆம் ஆண்டு மே மாதம் ஆயர் அவரை வோரிஷோபன் என்ற சிறு கிராமத்துக்கு அனுப்பினார். அங்கிருந்த சாமிநாதர் சபைக் கன்னியர் மடத்துக்கு ஆன்ம குருவாக இருப்பதே அவருக்கு இடப்பட்ட பணி. அந்த அருட்சகோதரிகள் பெண்பிள்ளைகளுக்குக் கல்வி கற்பித்து வந்தனர். மடமோ வறுமையில் இருந்தது. விவசாயக் கூலியாக இருந்து பழகிய க்னைப், மடத்தின் நிலங்களைச் சீர்திருத்தினார். மாடுகளுக்கு நல்ல தீவனம் பயிரிடவும், பழ மரங்களை வளர்க்கவும், தேனீ வளர்க்கவும் கற்றுக்கொடுத்தார். தீவனப் பயிரைப் பற்றியும் தேனீ வளர்ப்பைப் பற்றியும் நூல்கள் எழுதினார்.

நோயாளிகள் அங்கும் வரத் தொடங்கினர். அவர்களுக்கு நீரூற்ற இடம் இல்லை. ஆகவே மடத்தின் சலவை அறையே முதல் சிகிச்சை அறை ஆயிற்று. இன்று உலகமெங்கும் பேசப்படும் ஒரு சிகிச்சை முறை, அருட்சகோதரிகள் துணி துவைத்த அறையில் வளர்ந்தது என்பது நாம் நினைத்து மகிழத்தக்க செய்தி. 1881ஆம் ஆண்டில் க்னைப் அவ்வூர்ப் பங்குக் குருவாகவும் நியமிக்கப்பட்டார். மறையுரை, பாவசங்கீர்த்தனம், மறைக்கல்வி எனப் பங்குப் பணிகளோடு நோயாளிகளையும் கவனித்தார்.

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக் களைத்துப்போன க்னைப், தம் முறைகளைப் புத்தகமாக எழுதிவிட்டால் மக்கள் தாமே படித்துக்கொள்வார்கள். தமக்குக் கூட்டம் குறையும் என்று எண்ணினார். 1886ஆம் ஆண்டு அவருடைய நீர்ச் சிகிச்சை நூல் வெளிவந்தது. நடந்ததோ நேர்மாறு! அந்நூல் பதிப்புக்கு மேல் பதிப்பாக விற்றது. பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. அதைப் படித்தவர்கள் எல்லாம் வோரிஷோபனுக்குப் புறப்பட்டு வந்தார்கள். 1889ஆம் ஆண்டில் நலமாக வாழும் முறை பற்றி மற்றொரு நூலை வெளியிட்டார். கூட்டம் இன்னும் பெருகியது.

வோரிஷோபனில் ஒரு நாள்

அங்கே வந்த நோயாளிகள் என்ன செய்தார்கள்?

விடியற்காலையில் எழ வேண்டும். பனித்துளி படிந்த புல்வெளியில் வெறுங்காலுடன் சில நிமிடங்கள் நடக்க வேண்டும். பிரபுக்களும் வணிகர்களும் விவசாயிகளும் காலணியைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரே புல்வெளியில் நடந்த காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள்! அல்லது முழங்காலுக்குக் கீழ்வரை தண்ணீர் உள்ள ஓடையில், நாரை நடப்பதுபோல ஒவ்வொரு அடிக்கும் காலை நீருக்கு மேலே தூக்கி வைத்து நடக்க வேண்டும். பின்னர் அவரவர் நோய்க்கு ஏற்ப நீரூற்று நடைபெறும். பாதத்தில் தொடங்கி மெல்ல மேல்நோக்கி நீரை ஓடவிடுவார்கள். ஈரத்தைத் துணியால் அழுத்தித் துடைக்காமல் கையால் வழித்துவிட்டு, உடையை அணிந்து, உடல் சூடேறும்வரை நடக்க வேண்டும்.

இதற்குச் சில கண்டிப்பான விதிகள் உண்டு. குளிர்ந்த உடலில் குளிர்ந்த நீர் படவே கூடாது. முதலில் உடல் சூடாக இருக்க வேண்டும். நேரம் மிகக் குறைவாக இருக்க வேண்டும். சிகிச்சை முடிந்ததும் மீண்டும் கதகதப்பு வர வேண்டும். குளிர்ந்த நீர் பட்டவுடன் தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. பிறகு அவை விரியும்போது இரத்தம் பாய்ந்து இதமான சூடு பரவுகிறது. அந்த இதம்தான் இறுகிக் கிடந்த உடலைத் தளர்த்தித் தூக்கத்தை வரவழைக்கிறது.

நீரோடு மூலிகையும் சேர்ந்தது. சீமைச்சாமந்திப் பூ, ரோஸ்மேரி, லாவெண்டர் முதலியவற்றைத் தேநீராகவும் நீராடலிலும் பயன்படுத்தினார். புல்வெளிகளில் அறுத்த உலர்புல்லின் பூக்களை வெந்நீரில் நனைத்து ஒத்தடம் கொடுத்தார். உணவு மிக எளியது. தவிடு நீக்காத மாவில் செய்த ரொட்டி, காய்கறி, கஞ்சி போன்ற சூப். காப்பிக்குப் பதிலாக வறுத்த பார்லி மால்ட்டில் தயாரித்த பானத்தைப் பருகச் சொன்னார். நாள்தோறும் அவர் சொற்பொழிவு ஆற்றுவார். நகைச்சுவை கலந்த அவருடைய கிராமத்துப் பேச்சைக் கேட்டு நோயாளிகள் வாய்விட்டுச் சிரிப்பார்கள். அவருடைய வெள்ளை நாய்க்குட்டியும் அவரோடு எங்கும் வரும். இரவில் விளக்கை அணைத்துவிட்டு நேரத்தோடு படுக்க வேண்டும்.

உள்ளத்தின் ஒழுங்கு

க்னைப் ஆயிரக்கணக்கான நோயாளிகளைப் பார்த்தார். நாளடைவில் ஓர் உண்மை அவருக்குப் புலப்பட்டது. ஒரே நோய், ஒரே சிகிச்சை. ஒருவர் தேறுகிறார், மற்றொருவர் தேறவில்லை. விசாரித்துப் பார்த்தால், தேறாதவரின் வாழ்க்கை ஒழுங்கின்றிக் குலைந்து கிடந்தது. ஒருவர் பணக் கவலையில் தூங்குவதில்லை. மற்றொருவர் உடன்பிறந்தவர்மேல் பல ஆண்டுப் பகையைச் சுமந்துகொண்டிருந்தார். இன்னொருவர் செய்த தவற்றை நினைத்து நினைத்து வெந்துகொண்டிருந்தார். இவர்களுடைய உள்ளத்தில் ஒழுங்கு ஏற்பட்ட பிறகே உடலும் குணமடைவதை அவர் கண்டார்.

எனவே அவர் நீரை மட்டும் நம்பவில்லை. நேரத்துக்கு எழுதல், நேரத்துக்கு உண்ணல், உழைத்தல், ஓய்வெடுத்தல், பகையை விடுதல், இறைவனிடம் மனம்விட்டுப் பேசுதல் ஆகிய இவையும் சிகிச்சையின் பகுதியே என்றார். நீர், உடலசைவு, உணவு, மூலிகை, வாழ்வின் ஒழுங்கு என்று அவருடைய முறையின் ஐந்து தூண்களை அவர் வழிவந்தோர் வகைப்படுத்தினர். அவற்றுள் ஐந்தாவது தூணே மற்ற நான்கையும் தாங்குகிறது எனலாம். குருவானவர் என்ற முறையில் அவர் உள்ளத்தின் குரலைக் கேட்டார். நீர் வாளியை ஏந்தி உடலின் வேதனையைத் தணித்தார். இரண்டையும் பிரித்துப் பார்க்கவில்லை.

இன்னொரு சிறப்பையும் இங்கே சொல்ல வேண்டும். தொடக்கத்தில் அவருடைய சிகிச்சை மிகக் கடுமையாக இருந்தது. தாம் பனிக்கால நதியில் குளித்துப் பிழைத்ததால் எல்லாருக்கும் அது ஏற்றது என்று எண்ணினார். அனுபவம் கூடக் கூட அதைப் படிப்படியாக மென்மையாக்கினார். வயதானவருக்கும் பலவீனருக்கும் வெதுவெதுப்பான நீரே போதும் என்று கண்டார். தமக்குப் புகழ் தந்த முறையையே மாற்றிக்கொள்ளும் பணிவு எத்தனை பேருக்கு வரும்?

மருத்துவரும் குருவும்

போலி மருத்துவர் என்ற பழி க்னைப்பை நெடுநாள் தொடர்ந்தது. அதற்கு அவர் கோபத்தால் பதில் சொல்லவில்லை. மருத்துவர்களையே வோரிஷோபனுக்கு அழைத்தார். நோயாளிகளைப் பார்க்கும்போது பட்டம் பெற்ற மருத்துவரைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டார். அவர்கள் நோயை ஆராய்ந்து சொல்ல, இவர் சிகிச்சை கூறினார். 1894ஆம் ஆண்டில் அவருடைய முறையைப் பின்பற்றிய மருத்துவர்கள் தமக்கென ஒரு சங்கம் அமைத்தனர். மருத்துவத்துக்கு எதிரியாக நிற்பதைவிட அதன் துணையாக நிற்பதையே அவர் விரும்பினார் என்பது இதனால் விளங்கும்.

ஆயினும் அவர் சொன்ன எல்லாம் சரி என்று நாம் கொள்ள முடியாது. நீர் எல்லா நோயையும் தீர்க்கும் என்று அவர் கொண்டிருந்த நம்பிக்கை அளவு கடந்தது. இன்று காசநோய்க்கு மாதக்கணக்கில் முறையாக மாத்திரை உண்ண வேண்டும். அதை நிறுத்திவிட்டு நீரை நம்புவது உயிருக்கே ஆபத்து. இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் திடீரென்று குளிர்ந்த நீரில் இறங்கக் கூடாது. இடைவிடாத மனச்சோர்வும் மருத்துவரிடம் காட்ட வேண்டிய நோயே. துணைச் சிகிச்சை என்ற சொல்லிலேயே அதன் இடம் எது என்பது அடங்கியிருக்கிறது.

புகழும் எளிமையும்

ஆஸ்திரிய அரச குடும்பத்தைச் சேர்ந்த இளவரசர் ஜோசப் 1892ஆம் ஆண்டில் வோரிஷோபன் வந்து சிகிச்சை பெற்றார். 1893இல் பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் க்னைப்புக்கு மொன்சிஞ்ஞோர் என்ற சிறப்புப் பட்டம் அளித்தார். அடுத்த ஆண்டு க்னைப் உரோமைக்குச் சென்றார். எண்பது வயதைக் கடந்திருந்த பாப்பரசருக்கே உடல்நல ஆலோசனை கூறும் பேறு, நெசவாளி மகனுக்குக் கிட்டியது.

பணமும் வந்து குவிந்தது. அதில் அவர் தமக்கென்று ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. 1891ஆம் ஆண்டில் செபஸ்தியானேயும் என்னும் இல்லத்தைக் கட்டினார். இறை யோவான் சபைச் சகோதரர்கள் அங்கே பணியாற்றினர். 1893ஆம் ஆண்டில் நோயுற்ற ஏழைக் குழந்தைகளுக்காக ஓர் இல்லம் எழுப்பினார். 1896ஆம் ஆண்டில் க்னைப்பியானும் என்ற மற்றோர் இல்லம் திறக்கப்பட்டது. குழந்தைகள் இல்லத்திலும் இங்கும் மல்லர்ஸ்டார்ப் பிரான்சிஸ்கன் அருட்சகோதரிகள் நோயாளிகளுக்குத் தொண்டு செய்தனர். நூல்கள் தந்த வருவாயும் காணிக்கையும் இவ்வாறு நோயுற்றோருக்கே திரும்பிச் சென்றன.

அவருடைய முறை கடலையும் தாண்டியது. அவரிடம் சிகிச்சை பெற்ற பெனடிக்ட் லஸ்ட் என்ற ஜெர்மானியர் அதை அமெரிக்காவுக்குக் கொண்டுசென்றார். அங்கே இயற்கை மருத்துவ இயக்கம் வேரூன்ற அவரே காரணமானார்.

இறுதி நாள்கள்

1897ஆம் ஆண்டில் க்னைப்பின் வயிற்றில் ஒரு கட்டி இருப்பது தெரியவந்தது. அறுவை சிகிச்சை செய்துகொள்ள அவர் உடன்படவில்லை. நீரும் இம்முறை அவருக்குக் கைகொடுக்கவில்லை. அவரது பிடிவாதமா, இறைச் சித்தத்துக்குப் பணிந்த அமைதியா என்று தீர்ப்புக் கூற நாம் யார்? முடிந்தவரை எழுந்து நோயாளிகளைச் சந்தித்தார். 1897ஆம் ஆண்டு ஜூன் மாதம் 17ஆம் நாள், தம் 76ஆம் வயதில், அவர் நேசித்த வோரிஷோபனிலேயே உயிர் நீத்தார். அவ்வூர்க் கல்லறைத் தோட்டத்தில் அவர் துயில்கிறார்.

அவர் வந்தபோது வெளியுலகம் அறியாத குக்கிராமமாக இருந்த அவ்வூருக்கு 1920ஆம் ஆண்டில் நீராடு நகரம் என்ற சிறப்பு அடைமொழி வழங்கப்பட்டது. 2015ஆம் ஆண்டில் ஜெர்மனி நாடு க்னைப் முறையைத் தன் பண்பாட்டு மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. அங்குள்ள சில மழலையர் பள்ளிகளில் சிறு குழந்தைகளும் நீரில் நாரை நடை நடந்து மகிழ்கிறார்கள்.

நாம் கற்கும் பாடம்

தோழியரே, க்னைப்பின் வாழ்க்கை நமக்கு என்ன சொல்கிறது? சேர்த்த பணம் தீயில் போயிற்று. உடல் நோயில் விழுந்தது. உலகம் போலி என்று ஏசியது. ஒவ்வொரு முறையும் அவர் தம் துன்பத்தைப் பிறர் துன்பம் துடைக்கும் கருவியாக மாற்றிக்கொண்டார். தாம் பிழைத்த வழி தமக்கு மட்டும் என்று ஒளித்துவைக்கவில்லை. அருகில் இருமிக்கொண்டிருந்த மாணவரைத் தோட்டத்துக்கு அழைத்துச் சென்றார். அந்த அன்பிலிருந்தே எல்லாம் தொடங்கின.

சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பது நம் பழமொழி. அந்தச் சுவருக்கு உடல் மட்டுமன்றி உள்ளமும் வேண்டும். தேர்வுக் காலத்தில் நள்ளிரவுவரை விழித்து, காலையில் உண்ணாமல் ஓடிவரும் நமக்கு, நேரத்தோடு உறங்கும் ஒழுங்கு ஒரு மருந்து. அதிகாலையில் சிறிது நேரம் வெறுங்காலுடன் நடப்பதும், களைத்த முகத்தையும் கைகளையும் குளிர்ந்த நீரில் கழுவி அமைதியாகச் சிறிது நேரம் அமர்வதும் காசு செலவில்லாத இன்பம். தோழியோடு உள்ள பிணக்கை மாலைக்குள் தீர்த்துக்கொள்வதும் அவ்வாறே. எதையும் தாங்க முடியாதபோது தாயிடமோ, ஆசிரியையிடமோ, அருட்சகோதரியிடமோ வாய்திறந்து சொல்வோம். தேவையானால் மருத்துவரிடமும் தயங்காமல் செல்வோம்.

வீட்டில் நமக்காக உழைத்துக் களைத்திருக்கும் தாயையும் அன்று மாலை சிறிது நேரம் உட்காரச் சொல்லி, ஒரு செம்பு வெதுவெதுப்பான நீரால் அவர் பாதங்களைக் கழுவிவிடலாமே! பெரிய வியாழனன்று நம் ஆண்டவர் தம் சீடர்களுக்குச் செய்ததும் அதுவே. நீர் வாளி ஏந்திய அந்த நற்குருவை நினைவுகூர இதைவிடச் சிறந்த வழி வேறு இல்லை.